கடலைக் காட்டில் செக்கிங்

மூலனூருக்குப் பாதி தூரம் வந்ததும் பையைத் தோள் மாற்றிக்கொண்டேன். பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு போர்வை. மீதி இடம் முழுக்கப் பச்சைக் கடலை. ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றுகொண்டே நடந்தேன். தொலி சாலையோரமாக விழுந்துகொண்டே வந்தது. யாராவது என்னைத் தேடி வர நினைத்தால் அந்தத் தொலியைப் பார்த்தே வந்துவிடலாம். அப்படி நினைக்கும் அளவுக்கு அங்கே யாருக்கும் என்னால் நஷ்டம் இல்லை.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குவதைக் கவனித்தேன். என் படம், கம்பெனியின் முத்திரை, அதற்குக் கீழே ‘பயோ கண்ட்ரோல் அசிஸ்டென்ட்’ என்று என் பதவி. எட்டாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்தவனுக்கு இதைவிடப் பெரிய பட்டத்தை எந்தக் கல்லூரியும் தராது. திரும்பிப் போய்க் கொடுக்கலாமா என்று யோசித்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சட்டைக்குள் தள்ளிவிட்டு நடந்தேன்.

அந்தப் பதவிக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், துணிக்கு ஆவி காட்டும் மிஷினில் நின்றுகொண்டிருந்தேன். அதற்கு முன்னால் பரோட்டா கடை. அதற்கும் முன்னால் திருமுருகன்பூண்டி சிற்பக் கூடம் ஒன்றில் சாமி சிலைகளுக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைத் தேய்க்கத் தனி ஆள் உண்டு. ஆவி மிஷினில் கோடையைக் கடந்ததில் அக்குளிலும் தொடையிலும் கட்டி வந்து, கையைத் தூக்கியபடி, காலை அகட்டியபடி வேலை பார்த்தேன். செக்கிங் சூப்பர்வைசருக்கு அது ஒழுங்கீனமாகப் பட்டது. காற்றோட்டமான வேலை ஒன்று இருக்கிறது, போகிறாயா என்று கேட்டார். தண்டனையை இவ்வளவு பிரியமாகக் கொடுக்க இந்த ஊரில்தான் முடியும்.

அந்தக் காற்றோட்டம் மூலனூர் பக்கம் முதலாளிக்கு இருந்த காடு. ஆர்டர் நன்றாக வந்த வருடங்களில் திருப்பூரில் எல்லோரும் நிலம் வாங்கினார்கள். ஆர்டர் குறைந்த வருடங்களில் அதைப் பார்க்கப் போனார்கள். எங்கள் முதலாளி பார்க்கப் போனதற்குக் காரணம் ஒரு வெள்ளைக்காரர். குழந்தைகள் உடுப்பு வாங்கும் அந்த வெளிநாட்டுக்காரருக்குத் துணி மட்டும் நன்றாக இருந்தால் போதாதாம். துணி தைப்பவர் என்ன சாப்பிடுகிறார், மண்ணுக்கு என்ன செய்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறார். முதலாளி சட்டென்று சொன்ன பதில்தான் என் பதவியாக முளைத்தது. மருந்தடிக்காத கடலை, அந்தக் கடலையை ஆட்டிய எண்ணெய், அந்த எண்ணெயில் தாளித்த கேண்டீன் சாம்பார். சாம்பாரைப் படம் பிடித்து வழவழப்பான தாளில் அச்சடித்தும் விட்டார்கள். கேண்டீனில் அப்போது தாளித்துக்கொண்டிருந்தது பாமாயில். கடலை இன்னும் விதைக்கவே இல்லை.

காட்டை ஓர் அக்கா வாய்ப்பேச்சுக் குத்தகைக்குப் பண்ணிக்கொண்டிருந்தார். பல தலைமுறையாக அந்தப் பக்கத்திலேயே இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை மூலனூர் சர்ச்சுக்குப் போவதைத் தவிர மற்ற நேரமெல்லாம் காட்டில்தான் இருப்பார். அவர் கைக்கு வந்தபோது அது கடலைக்காடாக இல்லை, கல்லுக்காடாக இருந்தது. குனிந்து குனிந்து கல்லைப் பொறுக்கி வேலி ஓரமாகக் குவித்திருந்தார். அந்தக் குவியல்மேல் உட்கார்ந்துதான் நான் காவல் காத்தேன்.

விதைப்புக்கு முன்பு முதலாளி காரில் வந்து இறங்கி அவரிடம் பேசியதை நானும் கேட்டேன்.

“அந்த வெள்ளக்கார ஆளுங்க வந்து பாத்துட்டு நல்லாருக்குதுன்னு சொல்லிட்டுப் போகட்டுங்க அக்கா. அப்பறம் மூணு வருசத்துக்கு இந்தப் பக்கமே நான் வரமாட்டனுங்க. நீங்களே பண்ணிக்கங்க.”

“நல்லா இல்லீன்னா?”

“கம்பெனிக்கு ஒரு ஷெட்டு போட்டர்லாம்னு இருக்கறனுங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அக்காவும் சிரித்துக்கொண்டே மண்ணைப் பார்த்தார். கடலைச் செடி நன்றாக இருந்தால் காடு அவருக்கு, இல்லையென்றால் ஷெட்டுக்கு. ஏற்பாடு அவ்வளவுதான்.

மருந்தடிக்காமல் கடலை எப்படி வளர்ப்பது என்று சொல்ல வேளாண்மைத் துறையிலிருந்து ஒரு மேடம் ஸ்கூட்டியில் வருவார். ஒரு புது ரக விதையும் அவர்தான் கொடுத்தார். காடு முழுக்க அந்த ரகம், ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க அக்காவின் பழைய விதை, வேலியை ஒட்டித் தட்டைப்பயறு என்று போடச் சொன்னார். மழை இடைவெளி விட்டால் கடலைக் கொழுந்தில் அசுவினி வரும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அக்கா அதைப் பேன் என்பார். பெயர் எதுவானாலும் பூச்சி ஒன்றுதான். கடுகைவிடச் சின்னது, கறுப்பு. கொழுந்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். முட்டைக்குக்கூடக் காத்திருக்காமல் நேரடியாகக் குட்டி போடும்.

மேடம் சொன்னதில் முதலாளிக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான். அதுதான் முக்கியமானதும்கூட. இந்த ரகத்தில் அசுவினி வரவே வராது என்று நான் சொல்லவில்லை, வரும், ஆனால் பழைய ரகத்தில் பெருகுவதுபோலப் பெருகாது என்றார். மீதியைப் பொறிவண்டு, அந்தச் சிவப்பு முதுகில் கறுப்புப் பொட்டு வைத்த வண்டு, பார்த்துக்கொள்ளும், வண்டு தங்க வேண்டும் என்றால் அதற்குத் தின்னக் கொஞ்சம் அசுவினி இருக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒழித்துவிட்டால் வண்டு வேறு காடு பார்த்துப் போய்விடும் என்றார்.

முதலாளி ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, பனியனில் ஒரே ஒரு ஓட்டை இருந்தாலும் நாங்கள் பீஸை ஒதுக்கிவிடுவோம், நீங்கள் ஓட்டையை வைத்தே பீஸைக் காப்பாற்றலாம் என்கிறீர்களே என்றார். கொஞ்சம் என்றால் எத்தனை சதவீதம் என்றும் கேட்டார். செடியைப் பார்த்தால் தெரியும் என்று மேடம் சொன்னார். பார்த்தால் தெரியும் என்ற பதிலை வைத்துக்கொண்டு திருப்பூரில் ஒரு பெட்டியைக்கூடக் கப்பல் ஏற்ற முடியாது. முதலாளி பெருமூச்சு விட்டுக் காரில் ஏறினார்.

மேடம் எங்கள் இருவருக்கும் ஒரு புழுவைக் காட்டினார். உடும்பைப் பிடித்து எறும்பின் அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்கும், அப்படி. சாம்பல் கறுப்பு, நீட்டு உடம்பு, முதுகெல்லாம் முள், பக்கவாட்டில் ஆரஞ்சுப் புள்ளி. பொறிவண்டின் குஞ்சு இதுதான், பெரிய வண்டைவிட இது அதிகமாகத் தின்னும் என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அதுவரை அந்தப் புழுவை எங்கே கண்டாலும் கட்டை விரலால் நசுக்கிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

“அடக் கருமமே, நம்மூட்டு ஆளையே நசுக்கிப்போட்டனே” என்றார்.

மழை சொன்னபடி இடைவெளி விட்டது. அசுவினியும் சொன்னபடி வந்தது. பின்னாலேயே எறும்பு வந்தது. எறும்புக்கும் அசுவினிக்கும் உள்ள ஏற்பாட்டைப் பார்த்தபோது எனக்கு எங்கள் லேபர் கான்ட்ராக்டர் ஞாபகம் வந்தார். அசுவினி பின்பக்கமாக ஒரு இனிப்புத் தண்ணீரை விடும். எறும்பு அதை வாங்கிக் குடித்துக்கொண்டு, வண்டு கிட்டே வந்தால் கடித்துத் துரத்தும். ஓரிடத்தில் சாறு குறைந்தால் ஆளைத் தூக்கிக்கொண்டு போய் வேறு செடியில் இறக்கும். இரண்டு பேருக்கும் திருப்தி. செடியை யாரும் கேட்பதில்லை.

தட்டைப்பயறில் முதலில் வண்டு இறங்கியது. அங்கிருந்து கடலைக்கு நகர்ந்தது. கொஞ்ச நாளில் கொழுந்துக்குக் கொழுந்து குட்டி உடும்புகள் மேய்ந்தன. பழைய ரகப் பட்டையில் இலை சுருண்டிருந்தது. புது ரகத்தில் அசுவினி அங்கங்கே இருந்தது, அவ்வளவுதான். அக்கா தினமும் காலையில் ஒரு சுற்று வருவார். எனக்கும் அந்தச் சுற்றுதான் வேலை. மோட்டார் ரூமில் படுக்கை. கூரைத் தகரம் பகலில் தோசைக்கல், விடியலில் ஐஸ். பாம்பு ஒன்று பைப்புக்குப் பின்னால் குடியிருந்தது. நான் அதன் பக்கம் போகவில்லை, அது என் பக்கம் வரவில்லை. ஆவி மிஷினுக்கு இது சொர்க்கம். கட்டிகள் ஆறிவிட்டன.

வெள்ளைக்காரர் வரும் நாள் நெருங்கியதும் கம்பெனிக்குக் கை அரிக்க ஆரம்பித்தது. ஆடிட் என்றால் திருப்பூர் கம்பெனிகள் என்ன செய்யும் என்பது அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். கக்கூசுக்கு வெள்ளையடிப்பார்கள். தீயணைப்பு வாளியில் புது மணல் போடுவார்கள். தரையில் மஞ்சள் கோடு போடுவார்கள். கடைசியாக எல்லாப் பீஸையும் இன்னொரு தரம் செக்கிங்கில் விடுவார்கள். காட்டுக்கு வெள்ளையடிக்க முடியாது. மஞ்சள் கோடும் போட முடியாது. மிச்சம் இருந்தது செக்கிங்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனி வேன் வந்து நின்றது. அக்கா சர்ச்சுக்குப் போயிருந்தார். செக்கிங் செக்‌ஷன் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். தலையில் துணி, கையில் உறை, கழுத்தில் நூல் வெட்டும் கட்டர், ஆளுக்கொரு பாலிதீன் பை. கடைசியாக சூப்பர்வைசர், துணியில் இழை எண்ணும் பூதக்கண்ணாடியோடு.

ஃபைனல் செக்கிங் என்று என்னிடம் சொன்னார். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெண்ணை நிறுத்தினார். குறைகளை எப்படிப் பிரிப்பது என்று பாடமும் எடுத்தார். பெண்களுக்கு அது தெரிந்ததுதான். துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, கண்ணுக்குப் பட்டென்று தெரியும் எதுவும் மேஜர். ஒன்று இருந்தாலும் பீஸ் போச்சு. தொங்கும் நூல், மங்கலான புள்ளி, உற்றுப் பார்த்தால்தான் தெரியும் என்பதெல்லாம் மைனர். அது கொஞ்சம் இருக்கலாம், மன்னித்துவிடுவார்கள்.

வருடக் கணக்காகக் கறையைத் தேடிப் பழகிய கண்கள் அவை. இறங்கியதுமே கண்டுபிடித்துவிட்டன. ஒரு பெண் முள் முதுகுப் புழுவை இரண்டு விரலால் எடுத்துத் தூக்கிக் காட்டினாள். அடுத்தடுத்த வரிசைகளிலும் கைகள் உயர்ந்தன.

நான் கல் குவியலிலிருந்து இறங்கி ஓடினேன்.

“சார், அது வண்டோட குஞ்சு. அதை விட்டுரச் சொல்லுங்க.”

“வண்டு செவப்புப்பா. இதுல செவப்பு எங்க இருக்குது?”

“வளந்தா செவப்பா ஆயிரும் சார்.”

“அப்ப வளந்தப்பறம் பாஸ் பண்ணிக்கலாம்.”

பெண்கள் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்துவிட்டேன், நன்றாகத்தான் சொன்னார். மேடம் சொன்னதை முழுசாக ஒப்பித்தேன். அந்த மேடம் எந்த செக்‌ஷன் என்று கேட்டார். ஒரு பெண் மட்டும் கொழுந்தில் அப்பியிருந்த அசுவினியைக் காட்டி, ஏனுங்க சார், இந்தக் கறுப்புப் பேனு என்று கேட்டாள். சூப்பர்வைசர் குனிந்து கண்ணாடியை வைத்து நிதானமாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து தீர்ப்புச் சொன்னார்.

“இது மைனரு. விட்டுரு.”

மதியத்துக்குள் காட்டிலிருந்த மேஜர் எல்லாம் பைக்குள் போய்விட்டது. இலையில் ஒட்டிக்கொண்டிருந்த கூட்டுப்புழுக்களையும் கறை என்று சுரண்டி எடுத்தார்கள். சிவப்பு வண்டுகளை மட்டும் விட்டார்கள். அவை அழகாக இருந்தன. ஒருத்தி ஒன்றைப் பிடித்துப் பக்கத்தில் நின்றவளின் நெற்றியில் பொட்டாக வைத்தாள், அது பறந்து போனது. காடு முழுக்க இத்தனை பேர் காலை வைத்துக் கலைத்ததில் மற்ற வண்டுகளும் அதன் வழியே போயின. பைகளின் வாயைக் கட்டி, ‘ரிஜெக்ட்’ என்று சீட்டு ஒட்டி, மோட்டார் ரூம் சுவரோரம் வெயிலில் அடுக்கிவிட்டு வேனில் ஏறினார்கள். வேலை சுத்தம். அதில் குறை சொல்லவே முடியாது.

வேன் போனதும் பைகளைப் பிரித்துக் கொட்டினேன். பாலிதீனுக்குள் புழுக்கள் வெயிலில் வெந்திருந்தன. ஊர்ந்தவை ரொம்பக் கொஞ்சம். அவற்றை இலையில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா சர்ச் சேலையோடு வந்து நின்றார். கொட்டிக் கிடந்ததைப் பார்த்தார்.

“ஏங்கண்ணு, நீ காவலுக்குத்தான இருந்தே?”

“ஆட்டுக்கும் குருவிக்கும்தாங்கா காவல் இருக்கச் சொன்னாங்க. கம்பெனிக்குச் சொல்லலியே.”

அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடவே குனிந்து பொறுக்கினார்.

அதன் பிறகு நடந்தது பூச்சிக்கணக்கு. தின்ன ஆள் இல்லை, குட்டி போடத் தடை இல்லை. பழைய ரகப் பட்டை ஒரு வாரத்தில் கருகியதுபோல ஆனது. புது ரகம் தாக்குப்பிடித்தது, ஆனால் அதன் கொழுந்துகளும் கறுக்க ஆரம்பித்தன. இலையைத் தொட்டால் விரல் பிசுபிசுத்தது. கான்ட்ராக்டர் எறும்புகள் இரண்டு ஷிப்ட் ஓட்டின. பூவின் காம்பு விழுதாக மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் செடி சோர்ந்தால் மண்ணுக்குள் காய் இருக்காது, வெறும் வேர்தான்.

சூப்பர்வைசர் மறுபடி வந்தார். அவர் கையால் மைனர் என்று பாஸ் பண்ணிய சாமான், இப்போது தூரத்திலிருந்தே தெரியும் மேஜராகிவிட்டது. அவர் அசரவில்லை. டிக்கியிலிருந்து ஒரு மருந்து பாட்டிலை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். இன்றைக்கே அடித்துவிடுங்கள், அவர்கள் வருவதற்குள் வாசனை போய்விடும், படத்தில் மருந்து தெரியாது என்றார். அவர் போன பிறகும் அக்கா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே வரப்பில் நின்றார். அக்கா அடிக்கமாட்டார் என்று அப்போது நான் சத்தியம் செய்திருக்கமாட்டேன். அவருடைய காடு, அவருடைய வயிறு. மூடியைத் திருகப் போய்விட்டு நிறுத்தினார்.

“அடிச்சா பேன் செத்துரும். இருக்கற நாலு வண்டும் செத்துரும். அடுத்த பேனு வந்தா இன்னொரு பாட்டிலுக்கு நான் எங்க போறது? மேடத்தை ஒருக்காக் கேட்டுப் போடலாம், நட.”

மேடம் வந்து பார்த்துவிட்டு யாரையும் திட்டவில்லை. அரசாங்க வேலையில் இருப்பவர், இதைவிட மோசமானதையெல்லாம் பார்த்திருப்பார். ரொம்பக் கறுத்த கொழுந்துகளை மட்டும் கிள்ளி எடுத்துவிடுங்கள், அங்கங்கே வேப்பங்கொட்டைக் கரைசல் தெளியுங்கள், வண்டு உங்களிடம் இல்லையென்றால் இருக்கிற இடத்திலிருந்து கொண்டு வாருங்கள் என்றார். முருங்கையிலும் இதே அசுவினிதான் வரும். மூலனூர் சுற்றிலும் முருங்கைக்குப் பஞ்சமா?

அப்படித்தான் நானும் அக்காவும் முருங்கைத் தோப்புத் தோப்பாகப் போய் வண்டுப் பிச்சை எடுத்தோம். பிடித்ததைப் போட்டு வைக்க ஒரு வழி வேண்டும். பாலிதீனில் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். என் மூட்டையில் கம்பெனி கழித்த பனியன் கைகள் கொஞ்சம் கிடந்தன, துடைக்கிற துணிக்காக வைத்திருந்தேன். ஒரு முனையில் முடிச்சுப் போட்டால் பை. பின்னல் துணி என்பதால் காற்றும் போகும். செக்கிங்கில் தோற்ற துணி வேறெங்கும் இவ்வளவு நன்றாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

முதல் தோப்புக்காரர் கட்டிலில் உட்கார்ந்து எங்களைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். என்ன பிடிக்கிறோம் என்று விசாரித்தார். சொன்னோம்.

“அந்த வண்டு எதுக்குங்க? பேனு வேணும்னாச் சொல்லுங்க, மரத்தோட தர்றேன்.”

“பேனு எங்ககிட்டயே கெடக்குதுங்க” என்றார் அக்கா.

“அப்ப கம்பெனில வண்டு புடிக்கக்கூட ஆள் வெச்சிருக்கறாங்களா? என்ற பையன் இஞ்சினீரிங் படிச்சுப்போட்டுச் சும்மாத்தான் இருக்கறான், ஒரு வார்த்தை சொல்லி உடுங்க.”

நான் அட்டையை எடுத்துக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். அதற்கப்புறம் எனக்கு மட்டும் நாற்காலி வந்தது, டீயும் வந்தது. அக்காவுக்கு அட்டை இல்லாததால் அவர் நின்றுகொண்டே குடித்தார்.

வண்டை வெயிலில் விட்டால் பறந்துவிடும் என்று மேடம் சொல்லியிருந்தார். அதனால் சாயங்காலம் செடிமேல் தண்ணீர் தெளித்துவிட்டு, முடிச்சை அவிழ்த்துச் செடிக்கடியில் வைத்தோம். அப்படியும் பாதி பறந்து போனது. அடுத்த நாளும் போனோம், அதற்கடுத்த நாளும் போனோம். வாங்கி வந்ததில் தங்கியவை தங்கின. தட்டைப்பயறில் தப்பித்திருந்த புழுக்களும் இந்தப் பக்கம் வந்தன. புது ரகத்தில் அசுவினி பெருகுவது மட்டுப்பட்டிருந்ததால் வண்டுகளால் ஈடு கொடுக்க முடிந்தது. கறுப்பு மெல்லக் கழன்று பச்சைக் கொழுந்து வெளியே தெரிந்தது. பழைய ரகப் பட்டையைக் காப்பாற்ற முடியவில்லை. அதன்மேல் உட்கார்ந்த வண்டுகள் முதல் விருந்தில் தின்னத் தின்னப் பரிமாறப்பட்ட மாப்பிள்ளை மாதிரி திணறின.

வெள்ளைக்காரர் தொப்பியோடு வந்தார். நல்ல மனிதர். கருகிய பட்டையையும் பச்சைக் காட்டையும் மாறி மாறிப் பார்த்தார், வித்தியாசத்தை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு செடிப் பக்கம் விரலை நீட்டினார். பொறிவண்டு ஒன்று அந்த விரலில் ஏறி நகம் வரைக்கும் போய் நின்றது. அவர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். கேமராவை எடுத்து எடுத்து அந்த விரலையே படம் பிடித்தார். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். சூப்பர்வைசர் முன்னால் வந்து, பயிற்சி பெற்ற தரக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் கையாலேயே செடி செடியாகச் சோதித்தார்கள் என்று விளக்கினார். மொழிபெயர்க்க வந்த பெண் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னாள். வெள்ளைக்காரர் கை தட்டினார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற அக்கா என்னைப் பார்த்தார். காடு நமக்குத்தான் என்று அந்தப் பார்வை சொன்னது. அன்றைக்கு இரண்டு பேரும் அதைத்தான் நம்பினோம்.

கடலை முற்றிக்கொண்டிருந்தபோது முதலாளி ஸ்வீட் டப்பாவோடு வந்தார். அக்காவின் கையில் கொடுத்தார். வரப்பிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கொங்கு நாட்டு மரியாதையில் ஒருவரை வெளியேற்றினால், வெளியேறுகிறவர்தான் நன்றி சொல்ல வேண்டியிருக்கும்.

“உங்க வண்டு வந்த நேரமுங்க அக்கா. அவருக்கு அதும்மேல ஒரே பிரியம். கொழந்தைத் துணியில அந்த வண்டையே பிரிண்ட் போட்டுக் குடுங்கன்னுட்டாரு. இத்தன பெரிய ஆர்டர் நம்ம கம்பெனிக்கு வந்ததே இல்லீங்க.”

“சந்தோசமுங்க.”

“பேக்கிங்குக்கு எடம் பத்தலீங்க. இந்தக் காடுதான் ரோட்டு மேல இருக்குது. கல்லுகில்லு இல்லாமச் சுத்தமாவும் இருக்குதுங்க.”

“கல்லப் பொறுக்குனது நானுங்க.”

“அதத்தானுங்க நானுஞ் சொல்றேன்.”

அக்கா ஸ்வீட் டப்பாவைத் திறக்காமல் வரப்பில் வைத்தார். மூணு வருசம் என்று சொன்னீர்களே என்று கேட்டார். முதலாளி வருத்தப்பட்டார், நிஜமாகவே வருத்தப்பட்டார். நல்லா இல்லாமப் போயிருந்தா இந்த ஷெட்டே தேவப்பட்டிருக்காதுங்களே அக்கா என்றார். கடலை பிடுங்கும் வரைக்கும் இருந்துகொள்ளட்டுமா என்று அக்கா கேட்டார். தாராளமா இருங்க, நம்ம காடுங்க என்றார் அவர்.

பிடுங்கினோம். புது ரகம் நன்றாகவே காய்த்திருந்தது. கேண்டீன் எண்ணெய்க்கு என்று கம்பெனியிலிருந்து ஒருவரும் வந்து கேட்கவில்லை, சாம்பார் படம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதே. நல்ல காயாகப் பார்த்து அக்கா விதைக்கு ஒதுக்கினார். தன் சித்தப்பா மகனுடைய காடு ஒன்றைக் குத்தகைக்குப் பேசியிருந்தார். போய்ப் பார்த்தோம். கல்லுக்கு நடுவில் அங்கங்கே மண் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்றார். பிறகு குனிந்து ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார்.

“தட்டப்பயிறை இந்தப் பக்கமாப் போடோணும், காத்து இங்கிருந்து வருது” என்றார். என்னைக் கூட வரச் சொல்லவில்லை. எனக்கும் சேர்த்துச் சோறு போட அந்தக் கல்லுக்கு வகையில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. போகும்போது பையை வாங்கி, கொள்கிற மட்டும் கடலையை அள்ளிப் போட்டார்.

பழைய காட்டில் நான்கு மூலைக்கும் கல் ஊன்றியதும் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு மேனேஜராகப் பதவி உயர்வு வந்திருந்தது. எனக்கும் செக்யூரிட்டி என்று வேறு அட்டை தருவதாகச் சொன்னார். ஷெட்டைக் காவல் காப்பது ஒன்றும் என்னால் முடியாத காரியம் இல்லை. ஆனால் ஷெட்டை எது தின்றுவிடும் என்று எனக்குப் புரியவில்லை. துணி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு மோட்டார் ரூமுக்குப் போனேன். பைப்புக்குப் பின்னால் குடியிருந்த பாம்பாரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கமாகவே நடந்துவிட்டேன்.

மூலனூரில் பஸ் கிடைத்தது. திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். கடலைமேல் படுத்தால் கழுத்து வலிக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

காலையில் ஊருக்குள்ளேயே ராயபுரம் பக்கம் வேலை கேட்டுப் போனேன். ஒரு பிரிண்டிங் பட்டறையில் ஆள் தேவை என்று அட்டை தொங்கியது. ஓனர் ஒரு பாய். என்ன வேலை தெரியும் என்று கேட்டார். சட்டைக்குள் கிடந்த அட்டையை எடுத்து நீட்டினேன். படித்துவிட்டு, பயோ கண்ட்ரோல் என்றால் என்ன என்று கேட்டார். செக்கிங் மாதிரிதான் பாய் என்றேன். அவசர ஆர்டர், உடனே நிற்க முடியுமா என்றார். பையை மூலையில் வைத்துவிட்டு நின்றேன்.

நீளமான மேஜைமேல் குழந்தைப் பனியன்கள் வரிசையாக ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கலருக்கும் சாயம் இறங்கும் ஒரு வலைப் பிரேம், அதில் சாயத்தைக் கட்டையால் இழுக்க ஒரு ஆள். எனக்கு முன்னால் நின்றவர் சிவப்பை இழுத்துக்கொண்டே போனார். பனியனுக்குப் பனியன் ஒரு பொறிவண்டு முதுகு வந்தது. மாதிரித் துணியைப் பார்த்தேன். வண்டுக்குக் கண்ணிமை இருந்தது, உதட்டில் சிரிப்பு இருந்தது. எனக்குக் கிடைத்த கலர் கறுப்பு. முதுகுமேல் பொட்டு வைக்கிற வேலை.

பிரேமைப் பொருத்தி, சாயத்தை ஊற்றி, கட்டையை அழுத்தி இழுத்தேன். அடுத்த பனியன், அதற்கடுத்தது. மேஜைக் கடைசியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்த பெண் ஒரு பீஸை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். ஒரு பொட்டு சரியாக விழவில்லை. ஓரமாகத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அண்ணா, இது மேஜருங்க. கொஞ்சம் அழுத்தி இழுங்க.”

அழுத்தி இழுத்தேன்.